மூன்று விக்கல்

மூன்று நாளாக ஷவ்கி அழவில்லை. அழுகை வராமல் இல்லை. வந்து வந்து தொண்டையில் முட்டியது, அவர் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டே இருந்தார். முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்த மனைவி இன்ஸாஃப் செவ்வாய்க்கிழமை விடிகாலை ஆஸ்பத்திரியில் இறந்தாள். அன்று மதியமே அடக்கம் ஆயிற்று. இன்று வியாழன், அந்திநேர மஃரிபு தொழுகைக்குப் பிறகு மசூதி மண்டபத்தில் துக்கம் கேட்கும் கூட்டம். அது முடிகிறவரை கண்ணில் ஒரு சொட்டு வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

காரணம் கெய்ரோவில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஷவ்கி அழுதால் ஊர் சிரிக்கும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடை நாடகத்தில் அஸ்ஃபூர் என்ற வரி ஆபீஸ் குமாஸ்தாவாக வந்து, மனைவி எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தைப் படித்துவிட்டு அவர் அழுத அழுகை அது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு நீண்ட விசில், அப்புறம் அடுத்தடுத்து மூன்று விக்கல், அப்புறம் ஒன்றுமே இல்லாத ஓர் இடைவெளி, மறுபடி விசில். அந்த இடைவெளியில்தான் ஜனம் நாற்காலியை விட்டுக் கீழே விழும். ஒவ்வொரு பெருநாளுக்கும் டிவியில் அந்த நாடகத்தைப் போடாமல் விட்டதில்லை. கல்யாண வீட்டில் அழச்சொல்வார்கள், விமானத்தில் அழச்சொல்வார்கள், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு "உஸ்தாத், ஒரே ஒரு தடவை" என்பார். பாதிப் பேருடைய செல்போனில் மணியே அந்த அழுகைதான்.

பேரும் புகழும் வேண்டும் என்று அலைகிறவர்களைப் பார்த்தால் ஷவ்கிக்கு இப்போதெல்லாம் குமட்டல்தான் வந்தது. முகம் தெரிந்துவிட்டால் போதும், மனுஷன் பஸ்ஸில் தொங்குகிற கைப்பிடி ஆகிவிடுகிறான். ஏறுகிறவன் எல்லாம் பிடிப்பான், இறங்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு போவான். இதைப் பேட்டிகளில் அவர் சொன்னதில்லை. பேட்டிகளில் ரசிகர்கள்தான் என் குடும்பம் என்று சொல்லி, வலது கையை உதட்டில் வைத்து முத்தமிட்டு, அப்படியே கேமராவை நோக்கி வீசுவார். நாடகம் முடிந்து திரை விழும்போது பால்கனியைப் பார்த்துச் செய்கிற அதே வேலை. அந்தக் கையசைவும் அவருடைய அடையாளங்களில் ஒன்று.

இன்ஸாஃப் சாவதற்குப் பத்து நாள் முன்னால், அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஷவ்கி, எனக்கு ஒண்ணு செஞ்சு குடு. என் துக்கத்துல எவனும் சிரிக்கக் கூடாது."

"என்ன பேச்சு இது? யாரு சிரிக்கப்போறா?"

"நீ அழுதா சிரிப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. போர்வையைக் காலுக்கு இழுத்துவிடச் சொல்கிற தொனியில்தான் சொன்னாள். அவர் ஒரு சுளையை நீட்டினார். அவள் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றார் ஷவ்கி. "சத்தியமா."

கபருஸ்தானிலேயே அந்தச் சத்தியத்துக்குச் சோதனை வந்துவிட்டது. மண் தள்ளிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவன் தோளில் கை போட்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "மன்னிச்சுக்கங்க உஸ்தாத், புள்ளைங்க நம்ப மாட்டாங்க" என்றான். அவன் வாயில் வெங்காய நாற்றம். பின்னாலிருந்து வேறொருவன் கிசுகிசுத்தான்: "உதடு துடிக்குது பாரு. அழப்போறாரு. எடு, எடு." திரும்பிப் பார்த்தால் இருபது முப்பது போன், எல்லாம் அவர் முகத்தைக் குறிபார்த்து. ஒருத்தன் பக்கத்துக் கல்லறைமேல் ஏறி நின்றிருந்தான். ஷவ்கி கன்னத்தை உள்பக்கமாகக் கடித்தார். வாயில் ரத்தம் உப்புக்கரித்தது. அதையும் விழுங்கினார்.

மறுநாள் காலையில் அவருடைய மேலாளர் மித்ஹத் வந்து, ஊர் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினான். மித்ஹத்துக்கு இரண்டு போன், ஒரு மனசாட்சி, அதுவும் பெரும்பாலும் அணைத்து வைத்திருக்கும்.

"'கல் நெஞ்சு'ன்னு போட்டிருக்கான் ஒருத்தன். 'ஊருக்கு அழுதவனுக்குப் பொண்டாட்டிக்கு அழத் தெரியல.' நாப்பதாயிரம் பேரு இதுக்குக் கை தட்டியிருக்கான்."

"தட்டட்டும்."

"அதுக்கில்ல உஸ்தாத். வியாழக்கிழமை மண்டபத்துக்கு ரெண்டு சேனல் வரேங்குறான். ஒரு ஓரமா நின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டா போதும். சத்தம் வேணாம். சத்தம் இல்லாம அழுதா சோகமாத்தான் இருக்கும், நான் கேரண்டி."

"கேமரா உள்ள வரக் கூடாது."

"கேமரா வரலன்னா, செத்தது யாருன்னே ஊருக்குத் தெரியாம போயிடும்."

"செத்தது என் பொண்டாட்டிடா. ஊருக்கு எதுக்குத் தெரியணும்?"

மித்ஹத் இரண்டாவது போனை எடுத்துப் பார்த்தான். அந்தக் கேள்வி அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

கேமராவைத் தடுத்ததோடு நிற்கவில்லை ஷவ்கி. மண்டப வாசலில் இன்ஸாஃபின் அண்ணன் ஹாஜி அப்துல்ஆலை ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு உட்காரவைத்தார். உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு வரவேண்டும். ஷுப்ரா பேட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த மனிதர் அப்துல்ஆல். நடிகன், மந்திரி என்று யார் முகத்தையும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அதனால்தான் அவரை அங்கே வைத்தது.

கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் மகள் ரபாப் அப்பாவிடம் வந்தாள். முப்பது வயது, மருந்துக்கடை நடத்துகிறாள், அம்மா மாதிரியே ஒடிசல். அவளும் மூன்று நாளாக அழவில்லை.

"அப்பா, நீங்க என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் அழ மாட்டேன். நான் அழுதா உங்க அஸ்ஃபூர் சத்தம்தான் வருது. பள்ளிக்கூடத்துலேந்து அதே கூத்து. அம்மாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது."

ஷவ்கி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒன்று முப்பது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதற்குள் மித்ஹத் ஓடிவந்து, பெரிய தயாரிப்பாளர் காரிலிருந்து இறங்குகிறார், வாசலுக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தான். ரபாப் மரச்சல்லடைத் தடுப்புக்குப் பின்னால் பெண்கள் பக்கம் போய்விட்டாள். ஷவ்கிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வந்த நிம்மதியை நினைத்து அருவருப்பும் வந்தது.

மண்டபத்தில் ஹாபிஸ் குர்ஆன் ஓத ஆரம்பித்தார். சர்க்கரை போடாத காப்பி வரிசை வரிசையாகப் போனது. இங்கே வழக்கம் ஒன்றுதான். ஓதும்போது யாரும் பேசக்கூடாது. ஹாபிஸ் ஒரு பகுதி முடித்து நிறுத்தும்போது வந்தவர்கள் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போவார்கள், காத்திருந்தவர்கள் உள்ளே வருவார்கள். "அவங்க விட்ட ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்." "உங்களுக்கும் நீண்ட ஆயுசு." இதை ஷவ்கி இருநூறு தடவை சொல்லியிருப்பார். கைகள் வந்துகொண்டே இருந்தன, ஈரக்கை, மோதிரக்கை, விரல்நுனியை மட்டும் கொடுக்கிற கை.

வெளியே வாசல் எதிரில் படம் பிடிக்கிறவர்கள் குவிந்திருந்தார்கள். நடிகை தலால் அவர்களைத் தாண்டும்போது விம்மி விம்மி அழுதாள். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் அழுகை நின்றது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மூச்சு ஊதித் துடைத்தாள். பெண்கள் பக்கம் போகும் வழியில் ஷவ்கியிடம், "உங்க மனைவி ரொம்ப நல்லவங்க, அவங்க பேரு என்ன" என்று கேட்டாள். தயாரிப்பாளர் சூயிங்கம் மென்றுகொண்டே ஷவ்கியைக் கட்டிப்பிடித்து, காதோரம், "நாப்பதாம் நாள் கழியட்டும், அஸ்ஃபூர் ரெண்டாம் பாகம் பேசிடுவோம், இப்ப உன்மேல ஜனத்துக்கு ஒரு இது இருக்கு" என்றார். ஷவ்கிக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஆனால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், இரண்டாம் பாகம் எப்படி ஆரம்பிக்கலாம் என்று மண்டைக்குள் ஒன்று யோசித்தது. தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது. யார்மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது ஓதல் முடிந்த இடைவேளையில் ஒரு கிழவி ஆண்கள் வாசல் வழியாகவே உள்ளே வந்துவிட்டாள். கறுப்பு முக்காடு, ரப்பர் செருப்பு, மூச்சிரைப்பு. அப்துல்ஆல் அவளைத் தடுக்கவில்லை, எழுந்து வழிவிட்டார். பார்த்ததும் ஷவ்கிக்கு அடையாளம் தெரிந்தது. ஷுப்ராவில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தபோது எதிர்வீட்டுக்காரி, வகீதா. முப்பது வருஷமாக அவளை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டார் என்பதுதான் சரி.

"நல்லா இருக்கியா ஷவ்கி," என்றாள். உஸ்தாத் எல்லாம் இல்லை. "அவளை மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்ல."

"வாங்க வகீதாம்மா. பெண்கள் அந்தப் பக்கம்."

"போறேன். அந்தக் கைப்புள்ள போனப்ப அவ அழுதது இன்னும் என் காதுலயே இருக்கு. நீ டிவியில அதை அழறப்பல்லாம் நான் அணைச்சுடுவேன்."

சொல்லிவிட்டு அவர் கையை ஒரு தட்டு தட்டினாள். பழியாகச் சொல்லவில்லை, அவருக்கு நினைவிருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். பிறகு தடுப்பை நோக்கி மெல்ல நடந்தாள்.

அவருக்கு நினைவிருந்தது. முதல் பிள்ளை, ஆண், யஹ்யா என்று பேர் வைத்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அப்போது ஷவ்கி நாடகத்தில் இரண்டு வரி வசனம் பேசுகிற ஆள். இன்ஸாஃப் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் பால்புட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நீண்ட விசில், மூன்று விக்கல், இடைவெளி. மருந்துச்சீட்டைக் கையில் பிடித்தபடி கதவோரம் ஷவ்கி நின்றார். அவரும் அழுதார், பொய்யில்லை. ஆனால் அவருக்குள் இன்னொருத்தன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். விக்கல் மூன்றா நான்கா என்று அவன் எண்ணினான்.

பிள்ளைக்கு நாற்பதாம் நாள்கூட ஆகவில்லை, ஒத்திகையில் இயக்குனர் கத்தினார்: "இப்படி அழுதா ஜனம் பாவப்படும்யா. எனக்குச் சிரிப்பு வேணும்." அப்போது அது வந்தது. தானாக வந்தது என்று ஷவ்கி பின்னால் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டார். தானாக எதுவும் வரவில்லை, தேடி எடுத்தார். விளக்குப் போடுகிறவன் சிரித்துச் சிரித்து ஏணியிலிருந்து இறங்கிவிட்டான்.

முதல் நாள் ஆட்டத்தில் இன்ஸாஃப் மூன்றாம் வரிசையில் இருந்தாள். கொட்டகை முழுதும் குலுங்கிற்று. அவளுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள், அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது மேடையிலிருந்து அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

"அது என்னோடது."

"எது?" என்று கேட்டார் ஷவ்கி.

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். அப்புறம் சாப்பாட்டைச் சூடு பண்ணப் போனாள். அதற்குப் பிறகு அவர் எதிரில் அவள் அழுததே இல்லை. அவளுடைய தாய் இறந்தபோது குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடிற்று. ஷவ்கி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகைக்காரனுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

ரபாப் பிறந்தாள். அழும்போது அதே விசில், அதே விக்கல். விருந்தாளிகள் வந்தால் குழந்தையின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கி அழவைத்து, "பாருங்க, அஸ்ஃபூர் மகள்" என்று ஷவ்கி காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். இன்ஸாஃப் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். மகளிடமும் அவள் உண்மையைச் சொன்னதில்லை. அப்பாவை மகள் வெறுக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருக்கலாம். ஷவ்கி கேட்டதில்லை.

இப்போது வகீதா தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். ஹாபிஸ் மூன்றாவது ஓதலைத் தொடங்கியிருந்தார். மரச்சல்லடை வழியாக நிழல்கள் மட்டும் தெரிந்தன. குனிந்த ஒரு நிழல், அதன் காதருகே இன்னொரு நிழல். ஓதும் நேரத்திலும் கிழவி பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. எழுந்து போய் நிறுத்தலாமா என்று பார்த்தார். முன்வரிசையிலிருந்து எழுந்தால் முந்நூறு பேர் திரும்புவார்கள். உட்கார்ந்தே இருந்தார். அல்லா, இவர் இன்னும் கொஞ்சம் ஓதட்டும், நிறுத்தவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்.

ஹாபிஸ் நிறுத்தினார்.

மண்டபம் ஒரு மூச்சு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது நீண்ட விசில். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று விக்கல். பிறகு அந்த இடைவெளி.

முதலில் பின்வரிசையில் ஒருத்தன்தான் புருக்கென்று சிரித்தான். "போனை எவனோ ஒளிச்சுக் கொண்டாந்துட்டான்" என்றான் பக்கத்து ஆளிடம். அப்புறம் எல்லாருக்கும் அதுவே பட்டது. வாசலில் இத்தனை கெடுபிடி பண்ணி, கடைசியில் யார் பையிலோ அஸ்ஃபூர் மணி அடிக்கிறது, அதுவும் அஸ்ஃபூரின் மனைவி துக்கத்தில். ஒருத்தன் இருமுவதுபோல் வாயை மூடினான். தயாரிப்பாளருக்குச் சூயிங்கம் புரைக்கேறியது. இரண்டாவது விசில் வந்தபோது அடக்கி வைத்திருந்தவர்களும் விட்டுவிட்டார்கள். தோள்கள் குலுங்கின. காப்பி கொண்டுவந்தவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை யாரும். பழகிய சிரிப்பு, முப்பத்தொரு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு இந்த ஊர் சிரித்துவந்த சிரிப்பு. எழுந்து நின்ற ஒரே ஆள் அப்துல்ஆல். தங்கச்சி அழுகிற குரல் அவருக்குத் தெரியும், அட்டைப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு முன்வரிசைவரை வந்து ஷவ்கியின் மேல் பட்டது. அவருடைய முதுகு நிமிர்ந்தது. தலை சற்றே சாய்ந்தது. வலது கை மேலே எழுந்து, உதட்டில் பட்டு, முத்தமிட்டு, கூட்டத்தை நோக்கிப் போயிற்று.

அவர் செய்யவில்லை, கை செய்தது என்றுதான் பிறகு சொல்லிக்கொள்வார். ஆனால் கையை நீட்டிய அந்த நொடியில் அவர் முகத்தில் ஒரு புன்னகையும் இருந்தது. கன்னத்தின் சதை மேலேறியிருந்தது அவருக்கே தெரிந்தது. அதை இறக்க நேரம் பிடித்தது.

தடுப்பின் திறப்பில் ரபாப் நின்றிருந்தாள். முகமெல்லாம் ஈரம். அவள் பின்னால் வகீதா. சிரிக்கிற ஆண்களை ரபாப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைப் பார்த்தாள். அது இன்னும் காற்றில் நின்றது. ஷவ்கி அதை இறக்கி மடியில் வைத்தார்.

"ரபாப்," என்று கூப்பிட்டார். "அது உங்கம்மாவோடது. நான் சொல்லணும்னு…"

"எது?" என்றாள் ரபாப்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். அழுகை அவள் தொண்டையில் ஏறி வந்ததும், அவள் அதை விழுங்கியதும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள். சிரிப்பு மெல்ல அடங்கி, ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டு எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். மித்ஹத் குனிந்து அவர் காதில், "நல்லவேளை உஸ்தாத், நீங்க சமாளிச்சீங்க" என்றான்.

ஹாபிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஓதத் தொடங்கினார். பெண்கள் பக்கம் கைகால் கழுவி ஒளூ செய்யும் இடத்தில் யாரோ தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அதன்பிறகு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம், கூட்டம் கலையும்வரை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.